மின்னழுத்தத்தைத் தாங்குவது யார் பொறுப்பு? 2025 ஐபீரிய மின்தடை: ஒரு நிகழ்வு ஆய்வு

2025 ஏப்ரல் 28, திங்கட்கிழமை. ஸ்பெயின் நேரப்படி நண்பகல் 12.33. ஐந்தே விநாடிகளில் ஏறத்தாழ 15 ஜிகாவாட் மின்னுற்பத்தி அந்நாட்டு மின்கட்டமைப்பிலிருந்து மறைந்துபோனது. அந்த நேரத்துத் தேவையில் அது 60 சதவீதம். அடுத்த சில விநாடிகளில் ஸ்பெயினின் பெருநிலப்பகுதி, போர்ச்சுகல் முழுவதும், எல்லையோரத்தில் பிரான்சின் ஒரு சிறு பகுதி என எல்லாம் மின்சாரம் இழந்தன. மெட்ரோ சுரங்கங்களிலும் திறந்த வெளியிலும் ரயில்கள் நின்றன. ரயில்களில் சிக்கிய சுமார் 35,000 பேரை மீட்க வேண்டியிருந்தது. தொலைபேசிச் சேவை படிப்படியாகச் செயலிழந்தது. வடமேற்கு ஸ்பெயினின் கலீசியாவில் ஒரு குடும்பத்தினர் மூவர் வீட்டு ஜெனரேட்டரின் நச்சுப்புகையால் இறந்ததாகக் கருதப்படுகிறது. போர்ச்சுகலில் அன்று நள்ளிரவு கடந்தும், ஸ்பெயினில் மறுநாள் அதிகாலை நான்கு மணியளவிலும்தான் மின்கடத்தல் கட்டமைப்பு முழுமையாக மீண்டது.

மின்சாரம் திரும்புவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது. சூரிய மின்சாரம்தான் குற்றவாளி என்றார்கள் பலர். அந்த நிமிடத்தில் ஸ்பெயின் உற்பத்தியில் பாதிக்கும் மேல் சூரிய மின்சாரம் என்பது உண்மை. அதனால் இந்தப் பழி எளிதாக ஒட்டிக்கொண்டது. இணையவழித் தாக்குதல் என்ற பேச்சு எழுந்தது. அரசின் விசாரணை அதை மறுத்தது. அபூர்வமான வளிமண்டல நிகழ்வு என்றொரு விளக்கம் போர்ச்சுகலின் மின்கடத்தல் நிறுவனத்தின் பெயரில் பரவியது. அப்படி எதுவும் சொல்லவில்லை என்று அந்நிறுவனம் மறுத்தது. பிறகு வந்த அறிக்கைகள் காட்டிய காரணம் வேறு. தூய ஆற்றல் துறையில் இருப்பவர்கள் அனைவரும் கவனமாகப் படிக்க வேண்டிய காரணம் அது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் வேலையைச் செய்யக்கூடிய கருவிகள் ஸ்பெயினின் சூரிய, காற்றாலை மின்நிலையங்கள் பலவற்றில் ஏற்கெனவே இருந்தன. அந்த வேலையைச் செய்யும்படி விதிமுறை அவற்றிடம் கேட்கவில்லை. புதுப்பிக்கத்தக்க ஆற்றல் கட்டமைப்பின் ஓரத்தில் இருந்த காலத்து விதி, அது மையத்துக்கு வந்த பிறகும் மாறாமல் கிடந்தது.

அன்று காலை

2024 முடிவில் ஸ்பெயினில் சூரிய ஒளி மின்நிலையங்களின் நிறுவுதிறன் 32 ஜிகாவாட்டைத் தாண்டி, காற்றாலைகளின் அளவைத் தொட்டிருந்தது. அந்த ஆண்டு உற்பத்தியில் 56.8 சதவீதம் புதுப்பிக்கத்தக்க ஆற்றல். நிறுவுதிறன் அளவில் இது பெரும் சாதனை. இந்தச் சாதனையை நான் குறைத்துப் பேசப்போவதில்லை. இறக்குமதி எரிவாயுவைச் சார்ந்திருந்த ஒரு நாடு தன் வெயிலையும் காற்றையும் கொண்டு இவ்வளவு தூரம் வந்தது பாராட்டத்தக்கது.

ஏப்ரல் மாத நண்பகல் எந்தக் கட்டமைப்புக்கும் நுட்பமான பொழுது. வெயில் நன்றாக அடிக்கிறது, குளிரூட்டிகள் இன்னும் ஓடத் தொடங்கவில்லை, தேவை குறைவு, உற்பத்தி மிகுதி. மொத்த விற்பனைச் சந்தையில் விலை பூஜ்யத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ போகிறது. அந்த விலையில் எரிவாயு நிலையங்கள் ஓடினால் நட்டம், எனவே சந்தை அவற்றை அழைப்பதில்லை. ஆனால் பாரம்பரிய நிலையங்களில் சுழலும் பெரிய ஜெனரேட்டர்கள் மின்சாரம் தருவதோடு இன்னொரு வேலையையும் செய்துவந்தன: மின்னழுத்தம் ஏறினால் இறக்கவும் இறங்கினால் ஏற்றவும் அவைதான் உதவின. மின்கடத்தல் நிறுவனமான ரெட்எலெக்ட்ரிக்கா இந்த வேலைக்காகவே ஒவ்வொரு நாளும் சில நிலையங்களைத் தனியே தேர்ந்தெடுத்து ஓடவைக்கும். ஏப்ரல் 28-க்கு அப்படி அமர்த்தப்பட்டவை பத்து. 2025 தொடங்கியதிலிருந்து அதுதான் மிகக் குறைந்த எண்ணிக்கை என்கிறது ஸ்பெயின் அரசின் அறிக்கை. தெற்கே இருந்த ஒரு நிலையம் முந்தைய நாள் மாலையே வர இயலாது என்று தெரிவித்துவிட்டது. அதன் இடத்தில் வேறொன்று அமர்த்தப்படவில்லை.

காலை ஒன்பது மணிக்குப் பிறகே மின்னழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. 12.03-க்கு கட்டமைப்பில் 0.6 ஹெர்ட்ஸ் அளவிலான அலைவு (விநாடிக்கு 0.6 முறை என்ற வேகத்திலான ஊசலாட்டம்) தொடங்கி நான்கைந்து நிமிடங்கள் நீடித்தது. படாஹோஸ் மாகாணத்தில் உள்ள ஒரு சூரிய மின்நிலையத்தை இதற்குக் காரணமாக அரசின் ஆய்வு சுட்டியது. 12.19-க்கு இரண்டாவது அலைவு வந்தது. இது ஐரோப்பியக் கட்டமைப்பு முழுவதற்கும் பழக்கமான 0.2 ஹெர்ட்ஸ் அலைவு. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் பாடநூல் சொல்லும் சரியான நடவடிக்கைகளையே எடுத்தார்கள். நிறுத்தி வைத்திருந்த மின்தடங்களை இணைத்தார்கள். பிரான்சுக்கு அனுப்பும் மின்சாரத்தைக் குறைத்தார்கள். பிரான்சோடு உள்ள நேர்மின்னோட்ட இணைப்பை நிலையான அளவில் இயங்கும்படி மாற்றினார்கள். அலைவுகள் அடங்கின.

அலைவை அடக்கிய அதே நடவடிக்கைகள்தான் மின்னழுத்தத்தை மேலே தள்ளின. இந்த நிகழ்வின் முடிச்சு இங்கே இருக்கிறது. சற்று நின்று பார்ப்போம்.

ஏன் ஏறியது

நீண்ட உயரழுத்த மின்தடம் ஒன்றில் சுமை குறைவாக இருந்தால், அந்தத் தடமே ரியாக்டிவ் பவரை உருவாக்கத் தொடங்கும். வேலை எதையும் செய்யாமல் கட்டமைப்புக்குள் போய்வந்துகொண்டிருக்கும் இந்த ஆற்றல் மிகும் இடத்தில் மின்னழுத்தம் ஏறும், குறையும் இடத்தில் இறங்கும். தெருவில் எல்லா வீட்டுக் குழாய்களையும் ஒரே நேரத்தில் மூடினால் பிரதான குழாயில் அழுத்தம் கூடுவதைப்போல, தடங்களில் ஓடும் மின்சாரம் குறையக் குறைய மின்னழுத்தம் கூடும். கூடுதல் தடங்களை இணைத்தால் ரியாக்டிவ் பவர் இன்னும் பெருகும். ஏற்றுமதியைக் குறைத்தால் தடங்களின் சுமை இன்னும் இளகும். 12.07-க்கும் 12.22-க்கும் இடையே இந்த இரண்டும் நடந்தன.

மிகுந்த ரியாக்டிவ் பவரை யாராவது உறிஞ்ச வேண்டும். துணை மின்நிலையங்களில் இதற்கென ரியாக்டர்கள் என்னும் கம்பிச்சுருள் கருவிகள் உண்டு. சுழலும் ஜெனரேட்டர்களும் உறிஞ்சும். ஆனால் அவை பத்தாகச் சுருங்கியிருந்தன. அவற்றிலும் சில, பணம் பெற்றுக்கொண்டு செய்ய வேண்டிய அளவுக்கு உறிஞ்சவில்லை என்று அரசின் அறிக்கை குற்றஞ்சாட்டியது.

சூரிய, காற்றாலை நிலையங்கள்? அவற்றின் மின்சாரத்தைக் கட்டமைப்புக்கு ஏற்ற மாறுமின்னோட்டமாக்கும் இன்வெர்ட்டர்கள் மில்லிவிநாடிகளில் ரியாக்டிவ் பவரை உறிஞ்சவும் தரவும் வல்லவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016-ஆம் ஆண்டு இணைப்பு விதிகள் பெரிய நிலையங்களிடம் இந்தத் திறனைக் கட்டாயமாக எதிர்பார்க்கின்றன. ஸ்பெயினின் உள்நாட்டு விதியோ, 2014-ஆம் ஆண்டின் 413-ஆம் அரச ஆணைப்படி, புதுப்பிக்கத்தக்க நிலையங்கள் ஒரு நிலையான திறன் காரணியில் இயங்கினால் போதும் என்றது. அதாவது, தரும் மின்சாரத்துக்கு ஏற்ற விகிதத்தில் ரியாக்டிவ் பவர் போகும் அல்லது வரும். கட்டமைப்பின் மின்னழுத்தம் எப்படித் துடித்தாலும் நிலையம் அதைக் கவனிக்க வேண்டியதில்லை. மின்னழுத்தக் கட்டுப்பாட்டுக்கான இயக்க நடைமுறையோ 2000-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது சுழலும் ஜெனரேட்டர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதைத் திருத்தும் யோசனை பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு, சோதனைத் திட்டம்கூட நடந்து, ஒப்புதலுக்குக் காத்திருந்தது.

நிலையான விகிதத்தில் இயங்குவதில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. விலை சரிந்ததால் ஒரு நிலையம் தன் உற்பத்தியைச் சட்டென்று குறைத்தால், அது உறிஞ்சிக்கொண்டிருந்த ரியாக்டிவ் பவரின் அளவும் கூடவே குறையும். சந்தையின் ஒவ்வொரு தாவலும் மின்னழுத்தத்தின் தாவலாக மாறும்.

27 விநாடிகள்

12.32-இலிருந்து ஒரு நிமிடத்துக்குள் சுமார் 208 மெகாவாட் அளவுக்குச் சிதறிக் கிடந்த காற்றாலை, சூரிய உற்பத்தி துண்டித்துக்கொண்டது. அதே நேரத்தில் பகிர்மான வலையில் நிகரத் தேவை சுமார் 317 மெகாவாட் ஏறியது. கூரைகளின் மேலுள்ள சிறு சூரியத் தகடுகள் மின்னழுத்தம் தாளாமல் தம்மை நிறுத்திக்கொண்டதால் இருக்கலாம் என்று ஐரோப்பிய மின்கடத்தல் நிறுவனங்களின் கூட்டமைப்பான என்ட்சோ-இ அமைத்த வல்லுநர் குழு கருதியது.

12.32.57: கிரனாடா பகுதியில், பல சூரிய, காற்றாலை நிலையங்களைக் கட்டமைப்போடு இணைத்திருந்த ஒரு டிரான்ஸ்ஃபார்மர் துண்டித்துக்கொண்டது. 355 மெகாவாட் போனது. அந்த நிலையங்கள் உறிஞ்சிக்கொண்டிருந்த ரியாக்டிவ் பவரும் கட்டமைப்பிலேயே தங்கிவிட்டது. மின்னழுத்தம் மேலும் ஏறியது.

12.33.16: படாஹோஸில் சூரிய நிலையங்களை இணைக்கும் இரு இடங்களில் துண்டிப்பு; 700 மெகாவாட்டுக்கு மேல் இழப்பு. அடுத்த ஒன்றிரண்டு விநாடிகளில் செகோவியா, ஊவெல்வா, செவில், காசெரெஸ் என வரிசையாகத் துண்டிப்புகள். ஒவ்வொரு நிலையமும் தன் கருவிகளைக் காப்பாற்றிக்கொள்ள விலகியது. விலகிய ஒவ்வொன்றும் மிச்சமிருந்தவற்றின் மின்னழுத்தத்தை ஏற்றியது. இவற்றில் சில, விதித்த எல்லையைத் தொடும் முன்பே விலகிவிட்டன என்பதும் அரசின் அறிக்கையில் உள்ள குற்றச்சாட்டு.

உற்பத்தி போனதால் அதிர்வெண், அதாவது மாறுமின்னோட்டம் விநாடிக்கு எத்தனை முறை ஊசலாடுகிறது என்ற அளவு, சரியத் தொடங்கியது. அதிர்வெண் சரிந்தால் சுமைகளைத் தானாகவே வெட்டி உற்பத்தியோடு சமன்படுத்தும் பாதுகாப்பு ஏற்பாடு எல்லா நாடுகளிலும் உண்டு. அது வடிவமைத்தபடியே வேலை செய்தது. ஆனால் சுமையை வெட்டினால் தடங்கள் இன்னும் இளகும், மின்னழுத்தம் இன்னும் ஏறும். அதிர்வெண்ணுக்கான மருந்து மின்னழுத்தத்துக்கு நஞ்சானது. 12.33.21-க்கு பிரான்சுடனான மாறுமின்னோட்ட இணைப்புகள் அறுந்தன. மொரோக்கோ இணைப்பு அதற்குச் சற்று முன் போயிருந்தது. 12.33.24-க்கு எல்லாம் முடிந்தது. டிரான்ஸ்ஃபார்மர் துண்டித்துக்கொண்டதிலிருந்து எண்ணினால் 27 விநாடிகள். எந்த மனிதரும் தலையிட முடியாத கால அளவு இது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் மீது விரல் நீட்டுவதை நான் ஏற்கவில்லை.

இந்த வகை வீழ்ச்சி ஐரோப்பாவுக்குப் புதிது. அடுக்கடுக்கான மிகை மின்னழுத்தத்தால் நேர்ந்த முதல் பெரிய மின்தடை இதுவே என்று 2025 அக்டோபரில் வெளியான அந்த வல்லுநர் குழுவின் அறிக்கை கூறியது. மின்னழுத்தம் தாழ்ந்து கட்டமைப்பு விழுவதற்கு எதிராகத்தான் தலைமுறை தலைமுறையாகப் பொறியாளர்கள் தயாராகி வந்திருந்தார்கள்.

பழி யாருக்கு

2025 ஜூன் 17-இல் எரிசக்தித் துறை அமைச்சர் சாரா ஆகெசென் அரசின் அறிக்கையை வெளியிட்டார். ஒரே காரணம் இல்லை, பல காரணங்கள் சேர்ந்தன, அவற்றின் மையம் மின்னழுத்தக் கட்டுப்பாட்டுத் திறனின் போதாமை என்பது அதன் சாரம். மறுநாளே ரெட்எலெக்ட்ரிக்கா தன் விளக்கத்தை முன்வைத்தது: பாரம்பரிய நிலையங்கள் தம் கடமையைச் செய்திருந்தால் மின்தடை நேர்ந்திராது. பெரிய மின்னுற்பத்தி நிறுவனங்கள் திருப்பிக் கேட்டன: போதுமான நிலையங்களை அமர்த்தாதது யார்?

இரு தரப்பும் முழுப் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். பத்து நிலையங்களும் ஒழுங்காக உறிஞ்சியிருந்தால் தப்பித்திருக்கலாம்; பதினோராவது நிலையம் இருந்திருந்தாலும் தப்பித்திருக்கலாம். ஆனால் இந்த வழக்காடல் ஒரு பெரிய விஷயத்தை மறைக்கிறது. உற்பத்தியில் பெரும்பங்கு வகித்த சூரிய, காற்றாலை நிலையங்கள் மின்னழுத்தத்தைத் தாங்கும் கடமையிலிருந்து சட்டப்படியே விலக்கப்பட்டிருந்தன. பெரும்பான்மையினர் வேடிக்கை பார்க்கும்படி விதி எழுதிவைத்துவிட்டு, மிச்சமிருந்த பத்துப் பேர் சரியாகச் சுமந்தார்களா என்று சண்டையிடுவதில் பயன் குறைவு.

சுழலும் எடை போதவில்லை என்பதே காரணம் என்று வாதிட்டவர்களும் உண்டு. அரசின் அறிக்கை அதை ஏற்கவில்லை. கனமான ஜெனரேட்டர்கள் கூடுதலாகச் சுழன்றிருந்தால் அதிர்வெண் சரிவு சற்று மெதுவாகியிருக்கும். ஏறிக்கொண்டே போன மின்னழுத்தத்துக்கு அது தீர்வாகியிராது. தூய ஆற்றலுக்கு எதிரான வாதங்களில் இந்த ஒன்று அடிக்கடி வருவதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மீண்ட விதம்

வெளியிலிருந்து மின்சாரம் இல்லாமலே தொடங்கவல்ல நீர்மின் நிலையங்கள் ஆங்காங்கே சிறு தீவுகளாக மின்சாரத்தை உயிர்ப்பித்தன. பிரான்சும் மொரோக்கோவும் எல்லையிலிருந்து மின்சாரம் தந்தன. போர்ச்சுகலில் காஸ்தெலோ தெ போட் அணையின் நீர்மின் நிலையமும் தபாதா தோ ஔதெய்ரோ எரிவாயு நிலையமும் தொடக்கப் புள்ளிகளாயின. பதினாறு மணி நேரத்துக்குள் முழு மீட்பு என்பது பாராட்ட வேண்டிய வேலை.

மீட்பின் வரைபடம் ஒரு குறையையும் காட்டியது. ஐரோப்பாவின் பிற பகுதிகளோடு ஸ்பெயினுக்குள்ள இணைப்பு, அதன் நிறுவுதிறனில் 3 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. 2030-க்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்துள்ள இலக்கு 15 சதவீதம். பிஸ்கே விரிகுடாவின் கடலடியில் அமையும் புதிய இணைப்பு, பிரான்சுடனான பரிமாற்றத் திறனை சுமார் 2.8 ஜிகாவாட்டிலிருந்து 5 ஜிகாவாட்டுக்கு உயர்த்தும். அது 2028-இல் தயாராகும் என்பது திட்டம். பெரிய கட்டமைப்போடு இறுகப் பிணைந்த பகுதிக்கு அதிர்ச்சியைப் பகிர்ந்துகொள்ள ஆள் உண்டு. ஐபீரியாவுக்கு அன்று அந்த வசதி போதுமான அளவில் இல்லை.

முன்பே நடந்த பாடம்

2016 செப்டம்பர் 28-இல் தெற்கு ஆஸ்திரேலியா முழுவதும் இருண்டது. சூறாவளிக் காற்றில் மின்கோபுரங்கள் சாய்ந்தன; தொடர்ந்து மின்னழுத்தம் பலமுறை அமிழ்ந்தது; பல காற்றாலைகளின் மென்பொருளில், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் இப்படி அமிழ்ந்தால் விலகிவிட வேண்டும் என்ற அமைவு இருந்தது. அந்த அமைவு கட்டமைப்பை இயக்கியவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஏழு விநாடிகளுக்குள் 456 மெகாவாட் குறைந்தது; அண்டை மாநில இணைப்பு அதிகச் சுமையால் அறுந்தது. அன்றும் காற்றாலைகளையே ஏசினார்கள்.

அந்த மாநிலம் காற்றாலைகளைக் கைவிடவில்லை. அமைவுகள் மாற்றப்பட்டன. 2017-இல் ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் மின்கல நிலையம் வந்தது, 2020-இல் அது 150 மெகாவாட்டாக விரிந்தது. 2021-இல் நான்கு சிங்க்ரனஸ் கண்டென்சர்கள் இயங்கத் தொடங்கின. இவை எரிபொருள் இல்லாமல், மின்சாரமும் உற்பத்தி செய்யாமல், கட்டமைப்போடு ஒத்துச் சுழன்று மின்னழுத்தத்தையும் நிலைத்தன்மையையும் தாங்கும் இயந்திரங்கள். அதன்பின், பாதுகாப்புக்காகக் கட்டாயம் ஓட வேண்டிய எரிவாயு இயந்திரங்களின் எண்ணிக்கை நான்கிலிருந்து இரண்டாகக் குறைந்தது. ஸ்பெயின் இதைச் சில ஆண்டுகள் முன்கூட்டியே பார்த்துக் கற்றிருக்க முடியும் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

மின்தடைக்குப் பிறகு

2025 ஜூனில் ஸ்பெயினின் ஒழுங்குமுறை ஆணையமான சி.என்.எம்.சி. மின்னழுத்தக் கட்டுப்பாட்டுக்கான புதிய நடைமுறைக்கு ஒப்புதல் தந்தது. இனிப் புதுப்பிக்கத்தக்க நிலையங்களும் கட்டமைப்பின் நிலையைப் பார்த்து மின்னழுத்தத்தைச் சீர்செய்யலாம், அதற்கான ஊதியமும் பெறலாம். ஆண்டுக்கணக்கில் கிடந்த ஒன்று, பேரிடர் நடந்த ஆறே வாரங்களில் நகர்ந்தது. ஒப்புதலுக்கும் நடைமுறைக்கும் இடையே தொலைவு இருக்கிறது. ஒவ்வொரு நிலையமும் தன் கட்டுப்பாட்டு அமைப்பை மாற்றி, சோதனையில் தேறி, தொலைத்தொடர்பில் இணைய வேண்டும். மின்சேமிப்பையும் மின்னழுத்த மேற்பார்வையையும் வலுப்படுத்தவென்று அரசு கொண்டுவந்த அவசர ஆணையை ஜூலையில் நாடாளுமன்றம் நிராகரித்தது. கட்சி அரசியலின் வேறு கணக்குகள் அதில் புகுந்தன.

இடைக்காலத்தில் ரெட்எலெக்ட்ரிக்கா கூடுதல் எரிவாயு நிலையங்களை ஓடவைத்து வருகிறது. எச்சரிக்கையாக இருப்பதில் தவறில்லை. ஆனால் அதன் செலவு நுகர்வோரின் கட்டணத்தில் ஏறுகிறது. எரிவாயுவுக்கு இடம்விட சூரிய மின்சாரம் வெட்டப்படுகிறது. ஏற்கெனவே பூஜ்ய விலையில் திணறும் சூரிய நிலையங்களுக்கு இது இரட்டை அடி. அக்டோபரில் ரெட்எலெக்ட்ரிக்கா மீண்டும் ஆணையத்தை அணுகி, மின்னழுத்தம் வேகமாக ஏறி இறங்குவதாக எச்சரித்து, அவசர மாற்றங்களைக் கேட்டது. சந்தையின் கால அலகு பதினைந்து நிமிடங்களாகச் சுருங்கியதும், விலையைப் பார்த்து நிலையங்கள் சட்டென்று நின்று ஓடுவதும் இந்தத் துள்ளலுக்குத் தீனி போடுகின்றன. உற்பத்தியை ஏற்றி இறக்கும் வேகத்துக்கு வரம்பு வைப்பது மலிவான தீர்வு. முதலில் அதைச் செய்ய வேண்டும். சிங்க்ரனஸ் கண்டென்சர்களும் இப்போது திட்டத்தில் இடம்பெற்றுள்ளன, ஆனால் அவற்றை வரவழைத்து நிறுவ ஆண்டுகள் ஆகும். கையில் இருக்கும் இன்வெர்ட்டர்களுக்கோ அமைவை மாற்றினால் போதும்.

இந்த நிகழ்வில் இன்னும் போதிய கவனம் பெறாத ஒரு பகுதி, 12.32-இல் காணாமல்போனதாகக் கருதப்படும் அந்தக் கூரைத் தகடுகள். ஒரு மெகாவாட்டுக்குக் குறைந்த இந்த நிலையங்களைக் கட்டுப்பாட்டு அறையின் திரை ஒன்றொன்றாகக் காட்டுவதில்லை. நண்பகலில் அவை வீடுகளின் தேவையைக் குறைக்கின்றன, அதனால் மேலே உள்ள தடங்கள் இளகுகின்றன. மின்னழுத்தம் ஏறினால் ஒரே அளவில் அமைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான இன்வெர்ட்டர்கள் ஒரே நொடியில் நிற்கக்கூடும். எந்த அளவில் நிற்க வேண்டும் என்ற அமைவு நிறுவும் நாளில் இடப்படுகிறது. பிறகு யாரும் திறந்து பார்ப்பதில்லை. பெரிய நிலையங்களுக்கான விதி திருந்திவிட்ட நிலையில், பகிர்மான நிறுவனங்கள் இந்தச் சிறு இன்வெர்ட்டர்களின் அமைவுகளைக் கணக்கெடுத்து, துண்டிப்பு அளவுகளைப் படிப்படியாக வேறுபடுத்தி, அந்தப் பதிவேட்டைக் கட்டுப்பாட்டு அறைக்குத் தர வேண்டும். அதற்கு ஒரு காலக்கெடுவை ஒழுங்குமுறை ஆணையம் விதிக்க வேண்டும். கூரைகளில் தகடுகள் பெருகும் வேகத்தைப் பார்த்தால், அந்தக் கெடு அடுத்த ஏப்ரலுக்கு முன் இருப்பது நல்லது.